பழைய ரோடு பைக்கும் அசையாத சீட் போஸ்ட்டும்

முதல் சைக்கிளா ஒரு பழைய ரோடு பைக் வாங்கலாம்னு இருக்கேன், என்ன பாத்து வாங்கணும்னு யாராச்சும் கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான். பாக்கெட்ல ஒரு அல்லன் கீ செட் போட்டுட்டு போங்க, போனதும் சீட் போல்ட்ட லூசு பண்ணி சீட்ட ஒரு இன்ச் இறக்கி பாருங்க. இறங்கலையா, டாடா சொல்லிட்டு வந்துடுங்க. எத்தன கியர், எந்த கம்பெனி, எவ்ளோ வெயிட் எல்லாம் அதுக்கு அப்புறம்.

(பைக்னா மோட்டார் பைக்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும், இது வளைஞ்ச ஹேண்டில், ஒல்லி டயர், கால்ல மிதிக்கற ஐட்டம்.)

நான் இத பண்ணல. நான் பாத்தது கருநீல பெயிண்ட்ட, ஃப்ரேம் குழாயும் குழாயும் (இத டியூப்னு சொல்லுவாங்க) சேர்ற எடத்துல கூரா வெட்டி விட்டிருந்த லக்குங்கற உறைய, அந்த ஒல்லி ஃப்ரேம் சுவத்துல சாஞ்சு நின்ன அழக. பாத்த உடனே மனசு அங்கயே போயிருச்சு, அப்புறம் செக் பண்றதெல்லாம் சும்மா சடங்குக்கு. ஒரே ஒரு தடவ மட்டும், "சீட்டு எனக்கு மூணு விரல் ஒசரமா இருக்கே அங்கிள்"னு கேட்டேன். "போல்ட்ட லூசு பண்ணா இறங்கிடும் தம்பி, வண்டி பத்து வருஷமா சும்மாதான் நிக்குது"ன்னார். அவர் பொய் சொல்லல, அவரும் இறக்கி பாத்ததில்ல, அவ்ளோதான். பத்து வருஷமா சும்மா நிக்குதுன்னு சொன்னப்பவே எனக்கு மண்டைல மணி அடிச்சிருக்கணும், நான் என்னவோ அத 'அதிகம் ஓடாத வண்டி'ன்னு நெனச்சு சந்தோஷமா உருட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுல வந்து போல்ட்ட கழட்டினா போஸ்ட், அதான் சீட்ட தாங்கி ஃப்ரேமுக்குள்ள எறங்குற கம்பி, அசையல. திருகினா ஃப்ரேம் மொத்தமும் கூடவே திரும்புது. ஏன்னா ஃப்ரேம் ஸ்டீல், போஸ்ட் அலுமினியம், ரெண்டுக்கும் நடுவுல பல வருஷத்து வேர்வையும் மழைத்தண்ணியும் எறங்கியிருக்கு. உப்புத்தண்ணி நடுவுல இருந்தா இந்த ரெண்டு உலோகமும் சேந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேல செய்யும், அதுல அரிச்சு போறது அலுமினியம். அரிச்சு வர்ற வெள்ளப்பொடி பழைய அலுமினியத்த விட ஜாஸ்தி எடம் புடிக்கும், போக எடம் இல்லாம போஸ்ட்ட சுத்தி ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். போஸ்ட்ல லேசா கிரீஸ் தடவி போட்டிருந்தா இந்த கதையே இல்ல.

ஒரு வாரம் ஆயில் விட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தன் "சூடு பண்ணுடா, லூசாயிடும்"னான், நானும் பண்ணேன். சூட்டுல அலுமினியம் ஸ்டீல விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதாவது உள்ள இருக்கறது இன்னும் டைட்டாகும், இது ஸ்கூல்ல படிச்சதுதான், ஆனா கையில டார்ச் இருக்கும்போது ஞாபகம் வரணுமே. அந்த அழகான நீல பெயிண்ட்டு கொப்புளம் கட்டினதுதான் மிச்சம். அப்புறம் தலைகீழா யோசிச்சு ஐஸ் வெச்சு பாத்தோம், அதுக்கும் மசியல, ரெண்டு பேர் சீட்ட புடிச்சு திருகினதுல சீட்டுக்கு அடியில இருக்கற கம்பி வளைஞ்சிருச்சு.

கடைசில ஹேக்ஸா பிளேடு. போஸ்ட்ட மேல அறுத்து எடுத்துட்டு, பிளேடோட ஒரு முனைல துணி சுத்தி, ஓட்டைக்குள்ள விட்டு, உள்ளேர்ந்து நீளவாக்குல அறுக்கணும். எதிரும் புதிருமா ரெண்டு கோடு விழுந்தா போஸ்ட் உள்பக்கமா மடங்கி வெளிய வந்துடும், கேக்க ஈஸியா இருக்கு இல்ல? உள்ள ஒண்ணும் தெரியாது, காதுதான் கண்ணு. அலுமினியத்துல பிளேடு ஓடுற வரைக்கும் மெத்துனு ஒரு சத்தம், ஸ்டீல தொட்டதும் கிரீச்சுனு சத்தம் மாறி கைல பல்லு கூசுற மாதிரி ஒரு அதிர்வு, அங்க நிறுத்தலைனா அறுபடறது ஃப்ரேம். நாலு சாயங்காலம் ஆச்சு. மூக்குல எல்லாம் அலுமினிய தூள்.

இதுல இன்னொரு கூத்து, புது போஸ்ட் வாங்க சைஸ் தெரியணும், அது பழைய போஸ்ட்லயே அடிச்சிருக்கும். நான் அறுத்த கோடு சரியா அந்த நம்பர் மேல போயிருக்கு. வெர்னியர் வெச்சு ஃப்ரேம் உள்ள அளந்து 26.8 எம்எம்னு கண்டுபுடிச்சேன். இந்த போஸ்ட் சைஸெல்லாம் பெரும்பாலும் 0.2 எம்எம் வித்தியாசத்துல வரும், 26.6, 26.8, 27, 27.2ன்னு. ஒரு சைஸ் சின்னத போட்டு டைட் பண்ணா சீட் வழுக்கும், போல்ட் போற ஃப்ரேம் காதும் வளைஞ்சு போகும்.

ஆனா இந்த நம்பர் வேற ஒரு ரகசியமும் சொல்லும். பழைய ஸ்டீல் ஃப்ரேம்ல போஸ்ட் எறங்குற சீட் டியூப் வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 எம்எம். அப்ப 27.2 போஸ்ட் போகுதுன்னா டியூப் சுவரு மெல்லிசு, நல்ல டியூப். 25.4, 26 மாதிரி சின்ன போஸ்ட்னா சுவரு தடிமன், வண்டி கனமா குழாய் மாதிரி இருக்கும். ரெனால்ட்ஸ் 531னு ஸ்டிக்கர் இருக்கு சார்னு சொல்லுவாங்க, 1935ல வந்த பேர் போன டியூப்தான் அது, ஆனா ஸ்டிக்கர யார் வேணா ஒட்டலாம், போஸ்ட் சைஸ ஒட்ட முடியாது. என்னோடது 26.8, நடுத்தரம். பரவால்ல.

ஃப்ரேம்ல அடுத்தது அடிபட்டதா இல்லையான்னு பாக்கறது. போன தடவ ஒரு ஃப்ரெண்டுக்கு வண்டி பாக்க போனப்ப, ஹேண்டிலுக்கு கீழ இருக்கற ஹெட் டியூபுக்கு பின்னாடி, கீழ எறங்குற டியூபோட அடிப்பக்கத்த விரலால தடவுனேன். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, விரலுக்கு மட்டும் சின்னதா ஒரு மடிப்பு, சட்டை கசங்கின மாதிரி. குனிஞ்சு பாத்தா அந்த எடத்துல பெயிண்ட்ல தலைமுடி மாதிரி கோடு. எங்கயோ நேரா போய் மோதின வண்டி. பக்கவாட்டுல நின்னு பாத்தப்ப முன் சக்கரத்த புடிச்சிருக்கற ஃபோர்க்கும் லேசா பின்னாடி போயிருந்துச்சு. பளபளனு தொடச்சு வெச்சிருந்தாங்க, நாங்க தண்ணி குடிச்சிட்டு கெளம்பிட்டோம். பழைய கார்பன் ஃப்ரேம் பத்தி என் அபிப்பிராயம் கேட்டா, முதல் வண்டிக்கு வேணாம். ஸ்டீல் அடிபட்டா பெரும்பாலும் வளைஞ்சு காட்டிக் குடுக்கும், கார்பன் உள்ள விட்டுப்போயிருந்தாலும் வெளிய சிரிச்சிட்டு நிக்கும்.

ஃப்ரேம் அளவும் அப்படித்தான், ஒங்களுக்கு பெருசா இருந்தா பெருசுதான், சும்மா குடுத்தாலும் வேணாம். மேல் பாருக்கு ரெண்டு பக்கமும் கால ஊனி நின்னு பாருங்க, இடிச்சா விட்டுடுங்க.

சக்கரத்துல நான் ஏமாந்தது டயர் சைஸ்ல. பழைய வண்டில 27 இன்ச் சக்கரமும் வரும், 700சி சக்கரமும் வரும், பாக்க ரெண்டும் ஒரே மாதிரி. 27 இன்ச்ச எம்எம்ல போட்டா 686 தான வருது, அப்ப 700சிதான பெருசுனு கணக்கு போட்டு, 700சி டயர் வாங்கிட்டு வந்து மாட்ட உக்காந்தேன். டயர் உக்கார்ற ரிம் அளவு 27 இன்ச்ல 630 எம்எம், 700சில 622. பேர்ல சின்னதா இருக்கறது ரிம்ல 8 எம்எம் பெருசு! ரெண்டு டயர் லீவர் ஒடைஞ்சதுக்கு அப்புறம்தான் டயர் ஓரத்துல பொடி எழுத்துல இருந்த நம்பர படிச்சேன். அதனால 27, 700 எல்லாத்தையும் மறந்துட்டு 32-630, 25-622ன்னு இருக்கற ரெண்டாவது நம்பர மட்டும் பாருங்க. 27 இன்ச் வண்டில 700சி சக்கரம் போடலாம், ஆனா பிரேக் கட்டை 4 எம்எம் கீழ எட்டணும், எட்டுதான்னு மொதல்லயே பாத்துக்கணும். சக்கரத்த சுத்தி விட்டு பிரேக் கட்டை பக்கத்துல கண்ண வெச்சா கோட்டம் தெரியும், கோட்டம் எடுத்துக்கலாம், அது பெரிய விஷயமே இல்ல. ரிம் குரோம் பூசின ஸ்டீலா இருந்தா மட்டும் யோசிங்க, மழைல பிரேக் புடிச்சா வண்டி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுதான் நிக்கும்.

பின் சக்கரம் மாத்தற ஐடியா இருந்தா ஃப்ரேம் பின்பக்க அகலத்த அளந்துக்கோங்க. பின்னாடி அஞ்சு கியர் இருந்த காலத்துல 120 எம்எம், ஆறு ஏழு கியர்ல 126, எட்டு வந்தப்புறம் 130. ஸ்டீல்னா 126ஐ 130ஆ விரிச்சு வாங்கலாம், அலுமினியத்துல அத பண்ணவே கூடாது.

கியர் லீவர் ஃப்ரேம் மேலயே இருக்குன்னு பயப்படாதீங்க. ஷிமானோ 1984ல கிளிக் கிளிக்னு நிக்கற எஸ்ஐஎஸ் கொண்டுவந்தாங்க, பிரேக் லீவர்லயே கியர் மாத்தற எஸ்டிஐ வந்தது 1990ல. என்னோடது அதுக்கெல்லாம் முந்தினது, கிளிக்கே கிடையாது, ஒரு கைய ஹேண்டில்ல இருந்து எடுத்து, குனிஞ்சு, லீவர இழுத்து, செயின் கரகரன்னா ஒரு பொட்டு திருப்பி விடணும். முதல் வாரம் கியர் மாத்தும்போதெல்லாம் வண்டி ஓரமா போயிட்டே இருந்துச்சு. இப்ப கை தானா போகுது, கெட்டுப்போறதுக்கும் அதுல ஒண்ணும் இல்ல.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். செயின்ல ஒரு பின்னுல (லிங்க சேக்கற சின்ன ஆணி) இருந்து அடுத்த பின்னுக்கு அரை இன்ச், அதனால ஒரு பின் நடுவுல வெச்சா 12 இன்ச்ல இன்னொரு பின் நடு சரியா வரணும். பதினாறுல ஒரு பங்கு இன்ச் தள்ளி போயிருந்தா செயின் மாத்தணும், எட்டுல ஒரு பங்குனா பின்னாடி பல்லுச்சக்கரமும் தேஞ்சிருக்கும், புது செயின் மட்டும் போட்டா மிதிக்கும்போது தாவும். செயின், கேபிள், பிரேக் கட்டை, டயர் இதெல்லாம் எப்படியும் மாத்தத்தான் போறோம்னு முன்னாடியே கணக்குல சேத்துக்கோங்க, நான் சேக்கல.

புது போஸ்ட்ட நல்லா கிரீஸ் பூசி எறக்கினேன், சீட் மூணு விரல் கீழ வந்துச்சு, முட்டி வலி போயிருச்சு. பெயிண்ட் கொப்புளம் அப்படியேதான் இருக்கு. சீட் உயரத்துக்கு போஸ்ட்ல கருப்பு டேப் ஒரு சுத்து ஒட்டி வெச்சிருக்கேன், மாசம் பொறந்தா போல்ட்ட லூசு பண்ணி, போஸ்ட்ட வெளிய உருவி, தொடச்சு, கிரீஸ் தடவி, டேப் வரைக்கும் திருப்பி எறக்கி வெக்கறேன். வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க.