பிரவுசிங் சென்டர் நோட்டில் ஊரார் பாஸ்வேர்டு

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

பக்கத்து வீட்டுப் பெண் சாயங்காலம் பதறிக்கொண்டு வந்தாள். டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவுக்குள் போக முடியவில்லையாம். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், "சென்டர் அண்ணனுக்குத்தான் தெரியும்க்கா" என்கிறாள். ஈமெயிலும் அவர் தொடங்கிக் கொடுத்ததுதான். அன்றைக்கு இவள் போனில் ரீசார்ஜ் இல்லையென்று ஓ.டி.பி.க்குத் தன் நம்பரையே போட்டிருக்கிறார். இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது. குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறாராம்.

அந்தக் கடை நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் திறந்தபடியே கிடக்கும். பெயர், ஈமெயில், பாஸ்வேர்டு என்று வரிசையாக எழுதியிருப்பார். முக்கால்வாசிப் பேருக்கு அவரவர் பெயரும் 123-உம்தான் பாஸ்வேர்டு. அவர் யாரிடமும் ஐந்து பைசா ஏமாற்றாதவர். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படியா?

ஆகஸ்ட் 5

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சரி, ஊரே புரட்டுகிற நோட்டிலிருந்து யார் எடுத்தார் என்று எப்படி நிரூபிப்பது?

அவள் அம்மா ஏ.டி.எம். கார்டைப் பின் நம்பரோடு தெருப் பையன்களிடம் கொடுத்தனுப்புகிறார். அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினேன். நாமே ரகசிய எண்ணைப் பகிர்ந்து பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் முழுக்க நம் தலையில்தான். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கிக்கும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் போன் செய்யுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சென்டர்காரர் வந்துவிட்டார். மூவரும் அவர் கடையிலேயே உட்கார்ந்தோம். ஈமெயில் பெட்டியில் கர்சரை வைத்ததும் ஊர்ப் பிள்ளைகளின் ஐடி வரிசையாகக் கீழே இறங்கியது. ஒன்றைத் தொட்டால் பாஸ்வேர்டும் தானாக நிரம்புகிறது. நோட்டை விட இது மோசம்.

முதலில் அவள் ஈமெயிலின் மீட்பு எண்ணில், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் ஓ.டி.பி. வரும் இடத்தில், அவர் நம்பரை எடுத்து அவளுடையதைப் போட்டோம். இதை விட்டுவிட்டுப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், அந்த நம்பர் வைத்திருப்பவர் மறுபடி உள்ளே வந்துவிடலாம். அப்புறம் புதுப் பாஸ்வேர்டு. அவள் தட்டும்போது நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கடைசியாக, மற்ற கணினிகளிலிருந்து வெளியேற்றிவிட்டு, பிரவுசரில் சேமித்திருந்ததையும் அழித்தோம்.

"நான் உதவியாத்தானே செஞ்சேன்" என்றார், முகம் வாடி. உண்மைதான். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தானே விழும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை கடை சும்மாதான் இருக்கும், எல்லோரையும் சொந்தப் போனோடு வரச் சொல்லுங்கள் என்றார். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறோம்.