கிரிபென்சிஸ் ஜோடியும் பத்து டேனியோக்களும்

சென்ற பொங்கல் விடுமுறையில் சென்னை கொளத்தூரிலிருந்து ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு கிரிபென்சிஸ் மீன்களை வாங்கிக் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்தபோது, இணைசேர்க்கும் வேலை அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன். பதினோராம் நாள் பெண் மீன் செத்துப்போயிற்று.

கிரிபென்சிஸ் தெற்கு நைஜீரியாவிலும் கேமரூன் கடலோரப் பகுதியிலும் உள்ள ஓடைகளைச் சேர்ந்த குள்ளச் சிக்லிட் இனம். ஆண் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரும் பெண் 7 சென்டிமீட்டரும் வளரும். நம் ஊர்க் குளங்களில் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. கோடையில் குளம் வற்றும்போது தரையில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியுமே, அவை பெண் முட்டையிடுவதற்காக ஆண் ஜிலேபி தோண்டி, மற்ற ஆண்களிடமிருந்து காவல் காத்த இடங்கள். ஜிலேபி முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். கிரிபென்சிஸ் பொந்தின் கூரையில் ஒட்டவைக்கும். இடத்துக்காகச் சண்டை போடும் குணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

முதல் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 55 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று நட்டநடுவில் ஒரே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதை ஆண் மீன் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் தொட்டியின் நான்கு மூலைகளும் அதன் கண்ணில் பட்டன. பெண் மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தலை மேலாகவும் வால் கீழாகவும், நீர்மட்டத்தை ஒட்டி நிற்கத் தொடங்கியது. அது இளைப்பாறுகிறது என்று நினைத்தேன். சிக்லிட் மீன் அப்படி நின்றால் தொட்டியில் அதற்கு வேறு இடமே இல்லை என்று பொருள். வால் துடுப்பு கிழிந்திருப்பதைக் கண்டு கொசுவலையால் தடுப்புக் கட்டியபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

ஆணும் பெண்ணுமாக இரண்டு மீன் கிடைத்தால் அது ஜோடியாகிவிடாது என்பதை, இவ்வூரில் முப்பது ஆண்டுகளாக மீன் வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய்த்தான் தெரிந்துகொண்டேன். மாசியில் அவரிடமிருந்தே 3 சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சுகள் ஆறு வாங்கினேன். அந்த அளவில் ஆண் பெண் தெரியாது; தெரியவும் வேண்டாம், ஒன்றாக வளர்ந்து அவையே தேர்ந்துகொள்ளட்டும் என்றார். இம்முறை தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், சுமார் 130 லிட்டர். கொட்டாங்கச்சியும் உடைந்த மண் கலயமுமாக ஏழு பொந்துகள் அமைத்து, ஒன்றின் வாசல் மற்றொன்றின் வாசலைப் பார்க்காதபடி திருப்பி வைத்தேன். நடுவே வேர்க்கட்டைகளும் ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடியும் மறைத்தன. மேல்மட்டத்தில் நீந்த ஜீப்ரா டேனியோ என்னும் பொடி மீன்கள் பத்து விட்டேன். கத்திரி வெயிலில் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டது; தொட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறிய மேசை விசிறியைத் திருப்பி வைத்ததில் மூன்று டிகிரி குறைந்தது.

மேட்டூர் நீர் கல்லணையைத் தாண்டி அரசலாற்றுக்கு வந்து சேர்ந்த வாரத்தில் தொட்டியிலும் மாற்றம் தெரிந்தது. இருப்பதிலேயே பெரிய பெண் மீனின் வயிறு நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. அது ஓர் ஆணின் முன்னே பக்கவாட்டில் போய் நின்று, உடலை வில்லாக வளைத்து, அந்த வயிற்றைக் காட்டி நடுங்கியது. ஆண் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் அவை இரண்டும் சேர்ந்து மற்ற நான்கையும் இடது மூலைக்கு ஒதுக்கின. இந்த இனத்தில் பெண் கேட்கிறது, ஆண் இசைகிறது. கடையில் நாம் பொறுக்கிச் சேர்க்கும் ஜோடியில் இந்தக் கட்டமே இருப்பதில்லை.

ஒதுக்கப்பட்ட நான்கையும் அன்று மாலையே வேறு தொட்டிக்கு மாற்றினேன். அதுவரை சரி. புதுமணத் தம்பதிக்குத் தனிமை வேண்டுமே என்று டேனியோக்களையும் சேர்த்து எடுத்தேனே, அதுதான் தவறு. நான்கே நாளில் ஆண் தன் பெண்ணையே விரட்டத் தொடங்கியது. பழைய தொட்டியில் நடந்ததெல்லாம் மறுபடி என் கண்முன் வந்தது. பெரியவரிடம் ஓடினேன்.

"தம்பி, அவனுக்கு வெளிய எதிரி இல்லன்னா பொண்டாட்டியத்தான் கடிப்பான். மொதல்ல போயி அந்தப் பொடி மீனெல்லாம் திரும்ப விடு."

"குஞ்சு பொரிச்சா தின்னுடாதா ஐயா?"

"அதப் பாத்துக்கிறதுக்குத்தான் ரெண்டு பேரு இருக்காங்கல்ல?"

டேனியோக்களைத் திரும்ப விட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆணின் கவனம் மேலே போயிற்று. ஒரு டேனியோ கீழே இறங்கும், ஆண் சீறிக்கொண்டு போகும், அது தப்பி மேலேறும். இருட்டுவதற்குள் ஆணும் பெண்ணும் கொட்டாங்கச்சி வாசலில் அருகருகே நின்று காவல் காத்தன. அடித்துத் தீர்க்க வேண்டிய ஆத்திரம் இந்த மீனுக்கு எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் காட்ட வெளியே ஓர் இலக்கு இருந்தால்தான் ஜோடிக்குள் ஒற்றுமை நிற்கிறது. அந்த இலக்கு மேல்மட்டத்தில் நீந்துவதாகவும் வேகமாக ஓடித் தப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கோரிடோரஸ் போன்ற தரை மீன் ஆகவே ஆகாது. எல்லை என்பது அதற்குப் புரியாது, கடி வாங்கிக்கொண்டே திரும்பத் திரும்ப உள்ளே போகும். என்னிடமிருந்த கோரிடோரஸ் ஒன்று அப்படித்தான் ஒரு கண்ணை இழந்தது.

ஆனி மாதக் கடைசியில் இட்ட முட்டைகளை என் அவசரத்தால் இழந்தேன். பெண் மீன் இரண்டு நாள் வெளியே வராததால் கொட்டாங்கச்சியை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கூரையில் கசகசாவைவிடச் சற்றுப் பெரிதாக வரிசை வரிசையாக முட்டைகள். மறுநாள் ஒன்றுகூட இல்லை, பெற்றவையே தின்றுவிட்டன. அடுத்த முறை, ஆடிப்பெருக்குக்கு மறுநாள், பெண் மீன் உள்ளிருந்து மணலை வாய்வாயாக அள்ளி வாசலில் கொட்டி, தன் உடல் மட்டும் நுழையும் அளவுக்கு அடைப்பதைக் கண்டதும் தொட்டிப் பக்கம் கை வைப்பதையே நிறுத்திக்கொண்டேன். எட்டாம் நாள் காலை அது வெளியே வந்தபோது, அடியில் ஒரு சாம்பல் நிற மேகமும் கூடவே நகர்ந்து வந்தது. ஏறத்தாழ தொண்ணூறு குஞ்சுகள்.

அன்று நான் வேலைக்குக் கிளம்பத் தாமதமாயிற்று. ஒரு டேனியோ தாழ்ந்து வந்ததும் தாய் தன் அடிவயிற்றுத் துடுப்புகளை வெடுக்கென்று இரண்டு முறை அசைத்தது; குஞ்சுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மணலில் விழுந்து மணலோடு மணலாகக் கிடந்தன. ஆண் போய் டேனியோவை விரட்டிவிட்டுத் திரும்பிய பிறகே மேகம் மறுபடி எழுந்தது. சாயங்காலம் தாய் குஞ்சுகளை வாயால் கவ்விக் கவ்விப் பொந்துக்குள் கொண்டுபோய்த் துப்பியது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது மின்வெட்டு. மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு, பாதிக் குஞ்சுகள் இன்னும் வெளியே இருக்கும்போது விளக்கு பட்டென்று அணைந்தது. விடிந்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை. அன்றிலிருந்து இன்வெர்ட்டரில் ஒரு ஜீரோ வாட் பல்பு தொட்டிக்கு மேலே இரவு முழுவதும் எரிகிறது.

தீனிக்காக முதலில் வைக்கோலை ஊறவைத்து நுண்ணுயிர் வளர்த்தேன். அது வீண் வேலை. இந்தக் குஞ்சுகளின் வாய் முதல் நாளிலிருந்தே ஆர்டீமியா என்னும் உப்புநீர்ப் பொடி இறாலின் குஞ்சைப் பிடிக்கும் அளவுக்குப் பெரியது. லிட்டருக்கு 25 கிராம் வேதாரண்யம் கல் உப்புப் போட்டு, காற்றுக் குழாயை விட்டு வைத்தால் நம் வெயிலுக்கு ஒரே நாளில் ஆர்டீமியா முட்டைகள் பொரிந்துவிடுகின்றன. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாக வெளியே தெரியும்.

நான்காவது வாரத்தில் பெற்றோருக்குள் மறுபடி தகராறு. இம்முறை குஞ்சுகள் யார் பக்கம் என்பதில். குஞ்சுகளைப் பழைய இரண்டடித் தொட்டிக்கு மாற்றியதும் இரண்டும் சமாதானமாகி, மறு வாரமே பொந்தைச் சுத்தம் செய்யத் தொடங்கின.

மார்கழியில் 47 குஞ்சுகளை ஆண் பெண் பிரிக்க முடிந்தது: பெண் 35, ஆண் 12. இதற்குத் தண்ணீர்தான் காரணம் என்பது என் முடிவு. பொரித்த முதல் சில வாரங்களில் தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்திருந்தால் கிரிபென்சிஸில் ஆண்கள் மிகும், காரப் பக்கம் சாய்ந்திருந்தால் பெண்கள் மிகும். என் போர்த் தண்ணீரின் பிஎச் 7.8, அதாவது காரப் பக்கம்; கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 640 காட்டுகிறது. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று டிரம்களில் பிடித்து மூடி வைத்திருந்த மாடித் தண்ணீரை அடுத்த ஈட்டுக்காக எடுத்தேன். இரண்டு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர்த் தண்ணீர் கலந்து, காய்ந்த நாட்டு வாதுமை இலைகளை ஊறவிட்டதில் பிஎச் 6.6-க்கு இறங்கியிருக்கிறது. மழைநீரை மட்டும் ஊற்றினால் பிஎச் ஒரே இரவில் சரிந்துவிடக்கூடும் என்பதால் இந்தக் கலவையையும் வாரத்துக்கு ஒரு குடம் வீதம்தான் மாற்றி வருகிறேன். நேற்று மாலை பெண் மீன் மறுபடி வாசலில் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. டேனியோக்கள் பத்தும் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன.