மலை ஈரமும் ஜாஸ் இசைத்தட்டும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய ஜாஸ் எல்பி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. மூடுபனி மாதங்களில் காகித உறை ஈரத்தை இழுத்து, தட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். அந்தச் சரசரப்பில் சாக்ஸபோனின் மூச்சுச் சத்தம் தொலைந்தே போகும். துடைக்க, ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்துகொள்ளுங்கள். வரியின் போக்கிலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டில் மட்டும் ஆல்கஹால் படவே வேண்டாம், கரைத்துவிடும்.

துடைத்துக் காய்ந்ததும் 1959-இல் வந்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஜாஸ் ஆல்பத்தைப் போடுங்கள். முதல் உருப்படியில் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட்டுக்குப் பின் ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன், அடுத்து கேனன்பால் ஆடர்லியின் ஆல்ட்டோ சாக்ஸபோன். இரண்டு சாக்ஸபோனையும் பிரித்தறியக் காது பழக அருமையான இடம்! இந்த ஆல்பத்தின் பழைய அச்சுகளில் முதல் பக்கம் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். உங்கள் டர்ன்டேபிள் மேல் தப்பில்லை. ஒலிப்பதிவின்போது டேப் மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது; அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறிவிடுகிறது.