வெப்பத்தோடு அலைகளையும் தடுத்த ஜன்னல் கண்ணாடி

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் கைபேசிக்குச் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். கண்ணாடிக் கதவை மூடிவிட்டுக் கூடத்துக்குள் வந்தால் பேச்சு அறுந்துவிடும். டவர் தொலைவில் இருப்பதே காரணம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் ஒரு கதவைத் தாண்டுவதற்குள் டவர் விலகிப் போய்விடாதே.

ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற டெசிபல் அளவில் தெரியும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனமாகிறது என்று பொருள். கதவு திறந்திருந்தபோது மைனஸ் 85-ஐ ஒட்டி இருந்த எண், மூடியதும் மைனஸ் 110-க்கு இறங்கியது. ஒவ்வொரு 10 டெசிபல் இழப்புக்கும் ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைவதால், இந்த 25 டெசிபல் வேறுபாட்டின் பொருள், முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உள்ளே வந்தது என்பதாகும். சாதாரணக் கண்ணாடி சில டெசிபல்களுக்கு மேல் தடுப்பதில்லை.

காரணம் கண்ணாடியில் அன்று, அதன் பூச்சில் இருந்தது. வெயிலின் வெப்பத்தைத் திருப்பி ஏசியின் சுமையைக் குறைப்பதற்காக இரட்டைக் கண்ணாடியின் உட்புறத்தில் ஏற்றப்படும் வெள்ளிப் படலம், ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனே கொண்டதாயினும், மின்சாரத்தைக் கடத்துவதால் அகச்சிவப்புக் கதிர்களைப் போலவே ரேடியோ அலைகளையும் எதிரொளித்துவிடுகிறது. லைட்டர் சுடரைக் கண்ணாடியருகே பிடித்துப் பார்த்தபோது, தெரிந்த பிம்பங்களில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. பூச்சு இருப்பதற்கு அதுவே அடையாளம். வீட்டுக்குள் சிக்னல் ஓரளவு கிடைத்த இடம், சாதாரணக் கண்ணாடிப் பட்டைகள் பொருத்திய குளியலறை வென்டிலேட்டரின் அருகில்தான்.

கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அனுமதியின்றி அதைப் பொருத்துவது இந்தியாவில் சட்டவிரோதம், அக்கம்பக்கத்தாரின் இணைப்பையும் அது கெடுக்கும். டவருக்குப் பதிலாக வீட்டு இணைய இணைப்பின் வழியே பேச உதவும், இந்தியாவில் 2019 இறுதியிலிருந்து கிடைக்கும் வைஃபை அழைப்பு வசதியை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் இயக்கினோம். வயதான அம்மா பகலில் தனியாக இருப்பதால், மின்வெட்டின்போதும் அழைப்பு நிற்காதபடி ரவுட்டரை இன்வெர்ட்டரோடு இணைத்தேன். இதை யாரும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பூச்சுக் கண்ணாடியைக் கழற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை, மே மாத வெயிலில் அதன் பயன் பெரிது. குடியிருப்போர் சங்கத்தின் வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கட்டடத்துக்குள்ளேயே ஆன்டெனாக்கள் அமைத்துத் தருமாறு விண்ணப்பித்திருக்கிறோம். ஆய்வுக்கு வருபவர்கள் எல்லா ஜன்னல்களையும் மூடிவைத்தே அளக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருக்கிறோம்.