9.2 சிஜிபிஏ இருந்தும் ஐந்து மாத அலைச்சல்: ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் கிடைத்த கதை

போன வாரம்தான் பயிற்சிச் சான்றிதழ் கைக்கு வந்தது. வாங்கிப் பையில் வைக்கும்போதுகூட அந்த ஐந்து மாத அலைச்சல்தான் மனதில் ஓடியது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வழியில் வரும் யாருக்காவது ஒரு ரயில் டிக்கெட் காசாவது மிச்சமாகட்டும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறேன். மூன்று செமஸ்டர் முடிவில் சிஜிபிஏ (எல்லாப் பாடங்களுக்குமான சராசரி, 10க்கு) 9.2, துறையில் முதலிடம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் 100க்கு 100. "உனக்கென்னம்மா கவலை, மார்க் இருக்குல்லா" என்று வீட்டிலும் சொன்னார்கள், கல்லூரியிலும் சொன்னார்கள். நானும் அதை அப்படியே நம்பினேன்.

இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் எங்களுக்குக் கட்டாயம். 2 கிரெடிட். பலர் தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு கடிதமும் சீலும் வாங்கி வந்து கொடுத்துவிடுவார்கள். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஈக்விட்டி ரிசர்ச், அதாவது நிறுவனங்களின் பங்குகளை ஆராயும் வேலைப் பக்கம் போக ஆசை. அதனால் டிசம்பரிலேயே விண்ணப்பிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசி வரை 84 இடங்களுக்கு அனுப்பினேன். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பதில் வந்தது ஏழு. அதில் மூன்று காசு கேட்டவை. "உங்களைத் தேர்வு செய்துவிட்டோம், திரும்பத் தரக்கூடிய 1,999 ரூபாய் கட்டினால் ஆஃபர் லெட்டர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். நேர்காணலே இல்லாமல் ஆஃபர் வந்தால் அது ஏமாற்று வேலை. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நான்காவது உள்ளூரிலேயே ஓர் அலுவலகம். பலகையில் பெரிதாக "ஃபைனான்ஷியல் சர்வீசஸ்" என்று இருந்தது. முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, சொந்தக்காரர்கள், நண்பர்கள் என 50 பேருடைய பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார்கள். மாதத்துக்கு 15 டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) திறக்க வைக்க வேண்டும், அதுதான் "இன்டர்ன்ஷிப்". நான்காம் நாள் சித்தப்பாவுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவர், "உனக்காகத் திறக்கேன்மா, ஆனா இதுல நீ என்ன படிக்கே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலையே நின்றுவிட்டேன். ஃபைனான்ஸ் இன்டர்ன் என்று விளம்பரம் பார்த்தால் முதலில் "டார்கெட் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கும் பதிவு செய்யலாம் என்று யாரோ சொல்ல, பிரவுசிங் சென்டரில் அரை நாள் போனது. 21 முதல் 24 வயதுக்குள் இருக்க வேண்டும், முழுநேரப் படிப்பில் இருக்கக்கூடாது என்று அப்போது இருந்த விதியை அங்கே போய்த்தான் பார்த்தேன். எனக்கு வயது 19, படிப்பதும் ரெகுலர் கல்லூரியில். படிப்பு முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அது நல்ல திட்டம்; கல்லூரியில் இருப்பவர்கள் விதியை முதலில் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

ஐந்தாவதுதான் உண்மையான நேர்காணல். சென்னையில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனம், வீடியோ அழைப்பு. நான் முந்தைய இரவு முழுக்க வரையறைகளைப் படித்து வைத்திருந்தேன். நேர்காணல் எடுத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு கம்பெனியில் தேய்மானம் 10 ரூபாய் கூடுகிறது. வரி 25 சதவீதம். மூன்று அறிக்கைகளிலும் என்னென்ன மாறும்?"

தேய்மானம் என்றால் இயந்திரம் போன்ற சொத்தின் மதிப்பு குறைவதைச் செலவாகக் காட்டுவது; மூன்று அறிக்கைகள் என்றால் லாப நட்டக் கணக்கு, ரொக்க ஓட்ட அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு. தேய்மானம் கணக்கிடும் நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. லாபம் 10 ரூபாய் குறையும் என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். "ரொக்கம்?" என்றார். "அதுவும் குறையும்" என்றேன். "சரிம்மா, பார்த்துச் சொல்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

அன்று இரவே உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தேன். வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், அதனால் வரி 2.50 மிச்சம், நிகர லாபம் 7.50தான் குறையும். தேய்மானத்துக்காக யாரும் கையிலிருந்து காசு கொடுப்பதில்லை. அதனால் ரொக்க ஓட்ட அறிக்கையில் அந்த 10 திரும்பச் சேரும். ரொக்கம் 2.50 கூடும்! இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் நிலைச்சொத்து 10 குறைந்து ரொக்கம் 2.50 கூடுகிறது, மறுபக்கம் தக்கவைத்த வருவாய் (பிரித்துக் கொடுக்காமல் நிறுவனத்திலேயே வைத்த லாபம்) 7.50 குறைகிறது. இரண்டு பக்கமும் சரியாக வந்து நின்றது. மூன்று செமஸ்டரில் இந்த மூன்று தாள்களையும் தனித்தனியாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் அசையும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு அடிப்படையான ஒன்றை வகுப்பில் காட்டாமலே விட்டுவிட்டார்களே என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை.

ஆறாவது வாய்ப்புதான் என்னை அதிகம் அழவைத்தது. கிண்டியில் ஒரு நிறுவனம். போனிலேயே பேசி முடித்துவிட்டு, "திங்கட்கிழமை டாக்குமெண்ட்ஸோடு நேரில் வாங்க" என்று மெயில் போட்டார்கள். கல்லூரி அலுவலகத்தில் போனஃபைடு, அதாவது இங்கே படிக்கிறேன் என்ற சான்று கேட்டேன். "ஏம்மா, ப்ரின்சிபால் மீட்டிங்ல இருக்காரு, நாளைக்கு வா" என்று எழுத்தர் மூன்று நாள் இழுத்தடித்தார். வெள்ளிக்கிழமை மாலை மடித்துக் கையில் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு ஓடிவந்தேன். பிரித்துப் படிக்கவில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவோடு சென்னை போனேன். அப்பா பலசரக்குக் கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு வந்தார். அங்கே எச்.ஆர். மேடம் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடைசி வரியில் "கல்வி உதவித்தொகை பெறும் பொருட்டு வழங்கப்படுகிறது" என்று இருந்தது. எல்லோருக்கும் அடித்துக் கொடுக்கும் அதே படிவத்தில் என் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நிறுவனத்தின் பெயருக்கு எழுதிய அனுமதிக் கடிதம், பயிற்சித் தேதிகளோடு, கல்லூரி முதல்வர் கையெழுத்தும் சீலும் அசலில். அதோடு பான் அட்டையும் கேட்டார்கள். என்னிடம் இரண்டுமே இல்லை. அப்பா கீழே வாட்ச்மேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, முடிஞ்சுதா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பிப் புதுக் கடிதம் வாங்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது.

ஆகவே, ஆஃபர் வரும் வரை காத்திருக்காமல் முதலில் தாள்களைத் தயார் செய்யுங்கள். அனுமதிக் கடிதத்தின் வாசகத்தை நீங்களே அடித்து, நிறுவனத்தின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். கையெழுத்தான பிறகு அங்கேயே நின்று ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பான் இல்லாதவர்கள் வருமான வரித்துறை இணையதளத்தில் ஆதாரை வைத்து இ-பான் எடுத்துக்கொள்ளலாம், இலவசம்தான். ஆனால் ஆதாரில் இப்போது கையில் இருக்கும் போன் நம்பர் இருக்க வேண்டும். என் ஆதாரில் அப்பாவின் பழைய நம்பர் இருந்தது. தபால் நிலையம் போய் அதை மாற்றி, அது பதிவாகும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம்பர் மாறிய பிறகு இ-பான் அன்றே வந்துவிட்டது.

மார்ச்சில் எங்கள் கல்லூரியில் படித்து இப்போது சென்னையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் என் ரெஸ்யூமேயை அனுப்பினேன். தகப்பனார் பெயர், மதம், திருமண நிலை, "மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்" எல்லாவற்றையும் அடித்துவிட்டார். இரண்டு பக்கம் ஒன்றானது. "மார்க் எல்லாம் சரிதான், நீ செஞ்ச வேலை ஒண்ணு காட்டு. அதைப் பார்த்தாதான் அவங்க உன்னைக் கூப்பிடுவாங்க" என்றார். செய்த வேலை என்று என்னிடம் ஒன்றுமே இல்லை.

அப்புறம்தான் மூன்று வங்கிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962இல் பெயர் மாறி, 2022 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்த தமிழ்நாடு மெர்கண்டைல் வங்கி. அப்பா கடையின் கணக்கு அங்கேதான். அதோடு ஒப்பிட 1916இல் கரூரில் தொடங்கிய கரூர் வைஸ்யா வங்கி, 1904இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி. மூன்றுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கான ஆண்டறிக்கைகள் வங்கிகளின் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வட்டி வரம்பு (வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளி), வாராக்கடன், நடப்பு மற்றும் சேமிப்புக் கணக்கு வைப்புகளின் பங்கு என்று ஒவ்வொன்றாக எக்செலில் நானே அடித்தேன். மூன்று வாரம் ஆனது. கடைசியில் ஆறு பக்கம்.

பொது மெயிலுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு, வங்கித் துறையைப் பார்க்கும் ஆய்வாளர்களை லிங்க்டினில் தேடி, 11 பேருக்கு நான்கு வரி எழுதிக் குறிப்பை இணைத்தேன். நான்கு பேர் பதில் போட்டார்கள். 84க்கு ஏழு எங்கே, 11க்கு நான்கு எங்கே! அதில் ஒருவர் நேர்காணலுக்கு அழைத்தார்.

"வங்கிக்கு ஏன் எபிட்டா போடவில்லை?" என்று கேட்டார். எபிட்டா என்றால் வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபம். வட்டிதான் வங்கிக்கு மூலப்பொருள், அதைக் கழிக்காமல் லாபம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் புத்தக மதிப்போடு (சொத்தில் கடனைக் கழித்த மதிப்பு) ஒப்பிட்ட பங்கு விலையையும், பங்குதாரர் நிதியின் மீதான வருவாயையும் பார்த்தேன் என்றேன். "நகைக்கடன் இவ்வளவு இருக்கே, தங்கம் விலை இறங்கினால்?" என்றார். அம்மா வளையல் வைக்கப் போனபோது நான் கூடப் போயிருக்கிறேன். நகை மதிப்பு முழுவதற்கும் கடன் தரமாட்டார்கள், அந்த இடைவெளிதான் வங்கிக்குப் பாதுகாப்பு. அதோடு வளையலை மீட்காமல் விட அம்மாவுக்கு மனசு வராது, அதுவும் ஒரு பாதுகாப்பு என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மே 5ஆம் தேதி வந்துருங்க" என்றார். சிஜிபிஏ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எட்டு வாரம். மாதம் 8,000 ரூபாய் ஸ்டைபெண்ட், வேளச்சேரி லேடீஸ் ஹாஸ்டலுக்கு 7,000. மீதியை அப்பா அனுப்பினார். வேலை நன்றாகப் போனது.

கிளம்பும்போதே கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவத்தை மூன்று பிரதி எடுத்துப் போயிருந்தேன். நிறுவனத்தின் லெட்டர்பேடில் வரும் சான்றிதழ் மட்டும் போதாது, கல்லூரிப் படிவமும் நிரப்பி வர வேண்டும் என்று போன வருடத்து மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதைக் கேள்விப்பட்டிருந்தேன். திங்கட்கிழமை அதே எழுத்தரிடம் போனேன். "படிவம் எங்கம்மா?" என்றார். எடுத்து வைத்தேன். "ரெண்டு காப்பி வேணுமே?" இரண்டாவதையும் வைத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார்.