பார்மகாலஜி தேர்வுக்கு நைட்ரிக் ஆக்சைடு: ஒரே தாளில் மூன்று பாடம்

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டில் நைட்ரேட் (நெஞ்சு வலி மருந்துகள்), சில்டெனாஃபில் (வயாகரா), நுரையீரல் ரத்த அழுத்த மருந்துகள் மூன்றும் வெவ்வேறு பாடங்களில் சிதறிக் கிடக்கும். நான் அவற்றை நைட்ரிக் ஆக்சைடை வைத்து ஒரே தாளில் வரைந்து படித்தேன். பாதி மனப்பாட வேலை குறைந்தது.

ரத்தக்குழாயின் உள்சுவரான எண்டோதீலியம், எல்-ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. வாயு என்பதால் பக்கத்துத் தசைச் செல்லுக்குள் எளிதாக ஊடுருவி, குவானிலைல் சைக்ளேஸ் என்ற என்சைமைத் தூண்டுகிறது. அது உண்டாக்கும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற செய்தி மூலக்கூறு கூடுகிறது, தசை தளர்கிறது, குழாய் விரிகிறது.

இதில் எந்த மருந்து எங்கே கை வைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நைட்ரேட் வகையைச் சேர்ந்த நைட்ரோகிளிசரின் உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. நுரையீரல் ரத்த அழுத்த மருந்தான ரியோசிகுவாட் சைக்ளேஸையே தூண்டுகிறது. சில்டெனாஃபில், சைக்ளிக் ஜிஎம்பியை உடைக்கும் பிடிஇ-5 என்சைமைத் தடுக்கிறது. நைட்ரேட்டோடு சில்டெனாஃபில் ஏன் ஆகாது என்பது இப்போது தானாகத் தெரியும்: ஒன்று உற்பத்தியைக் கூட்டுகிறது, மற்றது அழிவைத் தடுக்கிறது, ரத்த அழுத்தம் படுமோசமாகச் சரிகிறது. சில்டெனாஃபில் எடுத்தால் 24 மணி நேரம், அதே வகை மருந்தான டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்கக்கூடாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) விரும்பிக் கேட்கும் எண்கள் இவை.

ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி) கேள்விக்கு 'நைட்ரேட் கரோனரியை, அதாவது இதயத்தின் ரத்தக்குழாயை, விரிக்கும்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். முக்கிய வேலை சிரைகளில்தான். அவை விரிந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். ப்ரீலோடும் (துடிப்புக்கு முன் இதயத்தை நிரப்பும் ரத்தச் சுமை) ஆக்சிஜன் தேவையும் இறங்கும். நெஞ்சு வலிக்குச் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது வேகத்துக்காக மட்டுமல்ல, விழுங்கினால் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும்.

டாலரன்ஸை (மருந்துக்கு உடல் பழகி, பலன் குறைவது) மறக்காமல் இருக்க டைனமைட் தொழிலாளர்களை நினைத்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க நைட்ரோகிளிசரினில் புழங்கி உடல் பழகிவிடும்; விடுமுறையில் பழக்கம் விட்டுப்போய், திங்கட்கிழமை தலைவலி மண்டையைப் பிளக்கும். நீண்ட நேர நைட்ரேட் எடுப்பவர்களுக்குத் தினமும் சில மணி நேர இடைவெளி விடுவது இதனால்தான்.

வரலாற்றில், நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்கான 1998 நோபல் பரிசுக்கு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று பெயர்கள் போதும். ஆனால் 1980இல் வெளியான ஃபர்ச்காட்டின் முயல் பெருந்தமனிச் சோதனையைப் புரிந்து படியுங்கள். அசிடைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் குழாயைத் தளர்த்தியது. எண்டோதீலியத்தைச் சுரண்டி எடுத்த பிறகு தளர்த்தவில்லை. அதே சுரண்டிய குழாயில் நைட்ரோகிளிசரினை விட்டால்? தளரும். ஏன் என்று கேட்டால், அந்தத் தாளைப் பார்த்தே பதில் எழுதிவிடலாம்.