மாமாவின் காரை நான் இடித்த கதை

எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் பஸ்ஸிலேயே போய்வந்துவிடுவேன், அவசரம் என்றால் ஆனைமலையில் இருக்கும் மாமாவின் ஸ்விஃப்ட்தான். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பாலக்காட்டில் மறுபடி காட்ட வேண்டியிருந்தது, அதற்காக முந்தின நாளே போய் எடுத்து வந்திருந்தேன். ஜூன் மாதம். திரும்பி வரும்போது சித்தூர் தாண்டி நல்லேப்பிள்ளி பக்கம் மழை சாய்த்து அடிக்கிறது, பால் சொசைட்டி முன்னால் ஒரு பசுமாடு ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தேன், வண்டி வழுக்கிக்கொண்டு போய் நிறுத்தியிருந்த ஒரு மொபெட்டைத் தள்ளிவிட்டுக் கலுங்குச் சுவரில் முட்டி நின்றது. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மாட்டுக்கும் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது.

பத்து நிமிடத்தில் கூட்டம். கூட்டம் என்றால் யோசனையும் உண்டே. கார் தமிழ்நாட்டு வண்டி, உங்கள் லைசென்ஸ் கேரளா, அதனால் கிளெய்ம் கிடைக்காது என்று ஒருவர். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் ஓட்டினால்தான் இன்சூரன்ஸ் என்று இன்னொருவர். அங்கே வந்த வர்க்‌ஷாப்காரர் ஒரு படி மேலே போய், "மாமாதான் ஓட்டினாருன்னு போட்டுடுங்கண்ணா, நாங்க எத்தனை பார்த்திருக்கோம்" என்றார். பயத்தில் அதுவே சரியென்று எனக்கும் பட்டது, பொய் சொல்லக்கூடாது என்கிற எண்ணமெல்லாம் அந்த நேரத்தில் கிட்டத்தில் வரவில்லை.

மாமாவுக்கு போன் போட்டேன். முதலில் அம்மாவைப் பற்றிக் கேட்டார், அப்புறம் "ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே மாப்ளே, வுடு" என்றார். பாலிசி பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மழையில் நனைந்தபடி செல்போனைப் பெரிதாக்கிப் படித்ததில், ஓட்ட உரிமையுள்ளவர்கள் யார் என்று ஒரு பத்தி கண்ணில் பட்டது. பாலிசிதாரர் உட்பட எவரும் ஓட்டலாம், ஓட்டுகிறவரிடம் அந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், உரிமம் பறிக்கப்பட்டவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்சூரன்ஸ் வண்டிக்கு, ஓட்டுகிற ஆளுக்கு இல்லை. சொந்தக்காரர் சம்மதத்தோடு எடுத்திருந்தால் போதும். லைசென்ஸ் எந்த மாநிலத்தில் எடுத்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இந்தியா முழுக்க ஒரே லைசென்ஸ்தான். ஆக, தேவையே இல்லாத ஒரு பொய்யைச் சொல்லி, அது மாட்டிக்கொண்டால் முழுக் கிளெய்மையும் இழக்கிற வேலைக்குத்தான் அத்தனை பேரும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லைசென்ஸை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மையில் வியர்த்தது. முடிய இன்னும் நாலு மாதம்தான். முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் 30 நாள் சலுகை இருந்தது, 2019 சட்டத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள், முடிந்த மறுநாளே லைசென்ஸ் இல்லாத ஆள்தான் நாம். நாலு மாதம் கழித்து அந்த மாடு குறுக்கே வந்திருந்தால் கதை வேறு.

ஸ்டேஷனுக்குப் போனேன். இந்தப் பக்கம் இன்சூரன்ஸ் கிளெய்ம் என்றாலே ஜிடி என்ட்ரி வாங்கி வா என்பார்கள், நடந்ததை ஸ்டேஷனின் நாட்குறிப்பில் பதிந்து நகல் தருவது. "வண்டி ஆருடேயா? ஓடிச்சது ஆரா?" என்று அங்கிருந்த போலீஸ்காரர் கேட்டார். மாமாவுடையது, ஓட்டியது நான் என்று சொன்னேன். அப்படியே எழுதினார். அதோடு மாமா ஓட்டிய கதைக்கு மூடுவிழா, நிம்மதியாகவும் இருந்தது.

மொபெட்காரர் விஷயத்தில்தான் தப்பு செய்தேன். பால் கொட்டிவிட்டது, மட்கார்டு வளைந்துவிட்டது, 2,500 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டேன். கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ பணம் தருவதோ கூடாது என்று பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. மற்றவர் சொத்துக்கு ஏழரை லட்சம் வரை பாதுகாப்பு இருக்கிறதாம், ஆனால் அதை வாங்க பெரும்பாலும் அவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் போக வேண்டியிருக்கும். வளைந்த மட்கார்டுக்கு யார் போவார்? மறுபடி நடந்தாலும் 2,500 கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கப்புறம் நான் வெறும் டிரைவர். கம்பெனி பேசுவது பாலிசிதாரரிடம் மட்டும். கிளெய்ம் எண், ஓடிபி எல்லாம் மாமா போனுக்குத்தான் போகும், அவரோ தோப்பில் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருப்பார், அங்கே சிக்னல் கிடையாது. மூன்று தடவை ஓடிபி காலாவதியாகி, கடைசியில் நானே ஆனைமலைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கிளெய்ம் படிவத்திலும் கையெழுத்து அவருடையது, அதில் டிரைவர் விவரம் என்று தனிப் பகுதி இருக்கிறது: பெயர், லைசென்ஸ் எண், உரிமையாளருக்கு என்ன உறவு, சம்பளத்துக்கு ஓட்டுகிறவரா, குடித்திருந்தாரா.

வண்டியைப் பொள்ளாச்சி வர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருந்தோம். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்தார், ஜிடி நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முழுக்க மலையாளம். கடைசியில் நான் தமிழில் எழுதி அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ஒரு கேள்வி, மிகச் சாதாரணமாக: "வண்டிக்குன்னு ஏதாச்சும் பணம் கொடுத்தீங்களா?" பெட்ரோல் போட்டேன், மேற்கொண்டு 1,500 நீட்டினேன், மாமா வாங்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். வாங்கியிருந்தால் சிக்கல் என்று அப்போதுதான் விளக்கினார். சொந்த உபயோக பாலிசியில் வாடகைக்கு விட்டால் அந்த ஓட்டத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. எங்கள் ஊரில் வெள்ளை போர்டு காரை, அதாவது சொந்த உபயோகக் காரை, நாள் வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன், விரல் போதவில்லை. தங்கை மகன், வாடகை வாங்கவில்லை என்று மாமாவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார்.

இனி பணம். பில் 31,400 ரூபாய். பம்பர், ஹெட்லைட், கிரில் எல்லாம் பிளாஸ்டிக் கணக்கு, 13,000 ரூபாய், அதில் பாதி தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பானெட்டும் ஃபெண்டரும் 8,400, தகடு என்பதால் வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பு, நாலு வயது தாண்டி ஐந்துக்குள் என்றால் 35 சதவீதம். பெயின்ட் 7,000, அதில் கால் பங்கைப் பொருள் என்று வைத்து அந்தப் பொருளில் பாதி. கூலி 3,000 முழுசாகக் கிடைத்தது. கழிவு மட்டும் 10,315, அதற்கு மேல் 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயமாக நம் தலையில் விழும் 1,000. கம்பெனி வர்க்‌ஷாப்புக்குக் கட்டியது 20,085, மிச்சம் 11,315 நான் கட்டினேன். தேய்மானம் கழிக்காமல் தருகிற ஜீரோ டெப் என்கிற கூடுதல் காப்பு போட்டிருந்தால் கிட்டத்தட்ட அந்த ஆயிரம் மட்டும்தான் போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு, அது மாமாவுடையது. கிளெய்ம் எடுக்காமலே இருந்து 45 சதவீதம் போனஸ், அதாவது சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி, சேர்த்து வைத்திருந்தார், அடுத்த புதுப்பிப்பில் 50 ஆகியிருக்கும். இடித்தது நான், போனஸ் பூஜ்யமானது அவருக்கு. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 5,800 என்று வைத்தால் முதல் வருஷம் 2,900 நஷ்டம், அப்புறம் 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறி வருவதற்குள் மொத்தம் 7,250 ஆகிறது. 20,000 கிடைக்கும்போது இதைத் தாங்கலாம். சேதம் ஏழெட்டாயிரமாக இருந்திருந்தால் கிளெய்மே போடாமல் கையிலிருந்து கட்டுவதுதான் சரி, மாமாவுக்கும் அதுதான் மரியாதை.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறு. அடி எனக்குப் பட்டிருந்தால்? பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு உரிமையாளரே ஓட்டினால்தான். இரவல் வாங்கி ஓட்டுகிறவன் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறவன், அவன் மூன்றாம் நபர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் சொல்லியிருக்கிறது. ஆகவே மாமாவின் வண்டியை என் தப்பால் எதிலாவது முட்டி நான் செத்திருந்தால், அந்த இன்சூரன்ஸில் என் வீட்டுக்கு எதுவும் வந்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்கும், அதுவும் மாமா வைத்திருந்தது முழுப் பாலிசி என்பதால். வெளியாட்களுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் அம்மாவுக்கும் இல்லை. போன மாதம் என் பேரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிட்டேன், லைசென்ஸையும் புதுப்பித்தாயிற்று.

புதுப்பிக்கும் நேரம் வந்ததும் 2,900 ரூபாயை ஜீரோ டெப்புக்கான தொகையோடு சேர்த்து மாமாவுக்கு ஜிபேயில் அனுப்பினேன். பணத்தை எடுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடி அனுப்பினேன், மறுபடி திருப்பினார். கடைசியில் அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னேன். அத்தை வாங்கிக்கொண்டார்.